சுவர்க்காரியும் நான்கு சின்னச் சொற்களும்

நீளமான ஆங்கிலச் சொற்களைக் கண்டால் எனக்கு மரியாதை வரும், பிரியம் வராது. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நாற்காலி நுனியில் உட்காரும் விருந்தாளி மாதிரி அவை. என் பிரியமெல்லாம் சின்னச் சொற்கள் மேல்தான். கோ, கம், டீ, லைன் என்று ஒரே மூச்சில் முடிந்துபோகிறவை. கதவைக்கூடத் தட்டாமல் சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறவை.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. பெங்களூரில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அச்சுக்கடையில் வேலை பார்க்கிறேன். முதலில் கல்யாணப் பத்திரிகை மடித்தேன். பிறகு அதில் பிழை பார்க்கும் அளவுக்கு வந்தேன். ஒருநாள் பழைய காகித மூட்டையில் ஒரு தடித்த ஆங்கில அகராதி வந்தது. அட்டையும் இல்லை, முதல் நாற்பது ஐம்பது பக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பொடி எழுத்தில் அது எந்த ஊரிலிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்று போட்டிருந்தது. எடைக்குப் போடவிருந்ததை நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தங்கச் சுரங்கத்து ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறினால் கன்டோன்மென்ட் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுத்துக் கூட்டிக் கூட்டி அதைப் படித்துக்கொண்டே போவேன். விண்டோ என்றால் காற்றின் கண் என்று படித்த அன்று, பங்காருபேட்டை தாண்டும் வரை ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்க் என்பதும் திங்க் என்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். நன்றி சொல்வது என்றால் நினைத்துக்கொள்வது. கேங் என்ற சொல்லுக்கு முதலில் நடப்பது, போவது என்றுதான் அர்த்தம் இருந்ததாம். சேர்ந்து போகிறவர்களுக்குப் பிறகு அதுவே பெயராகிவிட்டது. தினமும் ஒரே பெட்டியில் சேர்ந்து போகிற எங்களுக்கு இதைவிடச் சரியான பெயர் யார் வைப்பது?

"இன்னாக்கா, காலங்காத்தால புஸ்தகத்துக்குள்ள மூஞ்ச உட்டுகினு? உள்ள இன்னா கீது, தங்கமா?" என்பாள் எதிர் சீட்டில் தினமும் வரும் டெய்லர்.

"கல்லுதான். ஒடச்சா ஏதோ மின்னுது."

"மின்னுறதெல்லாம் வெள்ளக்காரன் அப்பவே வாரிகினு பூட்டான்க்கா. நீ மண்ணச் சலிச்சிகினு குந்து."

எங்கள் ஊர் வாய் அப்படி. யாராவது காலையிலேயே கடுகடு என்று இருந்தால், "இன்னா, வெடி வெக்கிற டைமா?" என்று கேட்பார்கள். மனசு சரியில்லாதவளைப் பார்த்து, "அவ கேஜு கீழ போயிட்ச்சி, மேல வந்தப்புறம் பேசலாம்" என்பார்கள். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டு. சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் அந்தக் கூண்டு எங்கள் பேச்சில் இன்னும் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீடு லைன் வீடு. ஒரே வரிசை, ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். என் பக்கத்தில் புத்தர் படம். அதே சுவரின் அந்தப் பக்கத்தில் முருகர் படம். நான் ஆணி அடித்தால் அவள் வீட்டில் சுண்ணாம்பு உதிரும். அந்த அவளைத்தான் நான் சுவர்க்காரி என்று கூப்பிடுகிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

அவளுடைய அப்பா சுரங்க வாயில் மணி அடிக்கிறவராக இருந்தார். கேஜை ஓட்டுகிற விஞ்ச் டிரைவர் தூரத்தில் எஞ்சின் கட்டடத்தில் இருப்பான், ஆட்களைப் பார்க்கமாட்டான். மணிச் சத்தம்தான் அவனுக்குக் கண். சுரங்கத்தின் மணிப் பட்டியல் பெரியது. எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்தது நாலே நாலு. ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. நாலு என்றால் ஆள், கூண்டுக்குள் மனுஷர் ஏறியிருக்கிறார்கள். நாங்கள் அதைச் சுவரில் தட்டுவோம். பக்கத்து வீட்டில் ரேடியோ அலறினால் ஒரு தட்டு. பரணிலிருந்து அண்டா இறக்க ஒத்தாசை வேண்டுமென்றால் இரண்டு. நாலு தட்டு கேட்டால் ஆள் வேண்டும் என்று அர்த்தம், அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். அவள் புருஷனுக்கு நெஞ்சு வலித்த அன்று அவள் தட்டிய நாலு தட்டு இன்னும் என் பக்கத்துச் சுவரில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் அவள் மகன் ஓசூரிலிருந்து வந்தான். நல்ல பையன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அம்மாவும் தனியாக இருக்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு இந்த மாதக் கடைசிக்குள் கிளம்பு என்றான். அவன் போன பிறகு இவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"போனா திரும்பி வரமாட்டேங்கா. பூட்டுன வீடு ஆறே மாசத்துல ஒட்டடையும் ஓட்டையுமா ஆயிடும். அப்புறம் வூட்ட யாருக்காவது குடுத்துடலாம்பான். பேத்தியப் பாக்கணும்னு ஆசதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் என் வீட்லேர்ந்து போயி பாக்கணும்."

"பையன்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். எத்த துன்னுவ, யாரு பாத்துப்பாங்கன்னு கேக்கறான். நான் இன்னா சொல்றது? எனக்கு ஒரு வேல வேணுங்கா."

அந்த வாரமே வேலை ஒன்று எங்கள் கடைக்கே நடந்து வந்தது. வாடிக்கையாக விசிட்டிங் கார்டு அடிக்க வரும் ஓர் அம்மா, தன் தாயைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகச் சொன்னார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதாம். வீட்டில் அவர்கள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான், வெளியாட்களோடு மட்டும் கன்னடம். ஒரு வாரம் வந்து பார்க்கட்டும், அம்மாவுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார். நான் யோசிக்காமல், "எங்க ஊர்ல ஒருத்தங்க இருக்காங்க மேடம்" என்றேன்.

சுவர்க்காரி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, இங்கிலீஷ் வூடா? எனக்கு அது வராதுக்கா."

"இன்னா வராது? காலைலேர்ந்து அதத்தான பேசற?"

"நானா?"

"லைன், ஷிப்ட், கேட்டு, பக்கெட்டு, டார்ச்சு. இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு, பேத்தமங்கலத்துலேர்ந்தா?"

"அது நம்ம பாஷக்கா!" என்றாள், திருட்டுப் பட்டம் கட்டிவிட்ட மாதிரி.

ஷிப்ட் என்ற சொல்லுக்குப் பழைய அர்த்தம் பங்கு பிரித்து வைப்பது, லைன் என்பது ஆளிவிதைச் செடியிலிருந்து எடுத்த நூல் என்றெல்லாம் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எங்கே நின்றது? மீந்துபோன கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பதினொரு ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். குட் மார்னிங் மேடம், டிட் யூ ஸ்லீப் வெல், வுட் யூ லைக் சம் டீ என்று ஒவ்வொன்றும் ரயில் பெட்டி நீளம். திங்கட்கிழமை ரயிலில் அவள் அதைக் கந்த சஷ்டி கவசம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"நல்ல வேளக்கா, எனக்கு மிஷினுதான். அது இங்கிலீஷ் கேக்காது" என்றாள் டெய்லர்.

சாயங்காலம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு மூணே வார்த்ததாங்கா மிச்சம். நோ, கோ, டீ. மத்ததெல்லாம் நோவுல பூட்ச்சாம். நான் உன் குட் மார்னிங்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது லைனுக்கே 'நோ! கோ!'ன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"கைகிட்ட ஒரு மணி வெச்சிக்கறாங்க. ஆபீசு மேஜைல இருக்குமே, மேல தட்டுனா டிங்குன்னும், அது. கட்டிலு ஆஸ்பத்திரிக் கட்டிலு. கால்மாட்ல கைப்பிடி கீது, சுத்துனா தலமாடு மேல வரும். நான் சுத்திகினே இருக்கறேன். ஒரு டிங்கு அடிச்சாங்க. நின்னுட்டேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒன்று கேட்டால் என் உடம்பும் நின்றிருக்கும்.

"இன்னொரு டிங்கு. அப்பவும் நின்னுகினு கீறேன். கட்டிலு பாதில தொங்குது. அவங்க டிங்கு டிங்குன்னு வுட்டு வுட்டு அடிக்கறாங்க, அடிக்க அடிக்க நான் கல்லாட்டம் நிக்கறேன். எங்கப்பா ஒரு தட்டு தட்டுனா கைல இருக்கற சோறு வாய்க்குப் போகாதுக்கா, அப்பிடி வளந்தவ நானு. கடைசில ஸ்பூன எடுத்து என் மேல வீசுனாங்க. மக ஓடியாந்து, பெல் அடிச்சா வரணும் இல்ல, ஏன் நிக்கறீங்கன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது? தங்கச் சுரங்கத்துக் கதைய கன்னடத்துல சொல்லவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த மகள் ஒன்றும் கத்தவில்லையாம். ஆனால் சாயங்காலம் ஏஜென்சிக்குப் போன் செய்து, ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைச் சனிக்கிழமை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவளையும் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இவளிடமே சொல்லிவிட்டார்.

"ஸாரிம்மா" என்றேன். அகராதியில் அந்தச் சொல் புண் என்ற சொல்லுக்குப் பக்கத்துக் கிளை. அது வெறும் மரியாதைச் சொல் இல்லை, எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம். அன்று அதை அர்த்தத்தோடு சொன்னேன். பதினொரு வாக்கியம் கொடுத்து அவள் வாயை அடைத்தது நான்தானே.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் விடவில்லை. அகராதியைத் திறந்து, "இத பாரு, ஸ்டாப்புன்னா மொதல்ல நிக்கறது இல்ல. நாரத் திணிச்சி ஓட்டைய அடைக்கறது" என்று ஆரம்பித்தேன். அவள் என் புத்தகத்தை மெல்ல மூடினாள்.

"அக்கா, நீ எனக்கு எவ்ளோ வார்த்த வோணா குடு. அதுல அந்தம்மாவுக்கு இன்னா லாபம்? என் வாய்ல வார்த்த இல்லன்னு நாம பயந்தோம். அங்க வார்த்த இல்லாதது அவங்க வாய்ல. சும்மா இரு, நான் யோசிக்கறேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகச் சும்மா இருக்கச் சொன்னதில்லை. ஒயிட்பீல்டு வரை இருந்தேன். சாதனைதான்.

அன்று சாயங்காலம் அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த விதத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"மணிய நான் எடுத்துகினேங்கா. அவங்க மொறைக்கறாங்க. ஒரு டிங்கு அடிச்சிட்டு ரூமுக்கு நடுவுல சிலையாட்டம் நின்னேன். அப்புறம் மூணு அடிச்சிட்டு கட்டில மேல சுத்துனேன். ரெண்டு அடிச்சிட்டு கீழ எறக்குனேன். நாலு அடிச்சிட்டு கதவுலேர்ந்து ஓடியாந்து அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னேன். பேச்சே இல்ல. மறுக்கா மொதல்லேர்ந்து. ரெண்டாவது வாட்டி முடிக்கறப்ப இடது கைய நீட்டுனாங்க. மணியக் குடுன்னு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். மூணு அடிச்சாங்க. ஏத்துனேன். ரெண்டு அடிச்சாங்க. எறக்குனேன். மூணு. ரெண்டு. மூணு. அய்ய, பெரியம்மா ராட்டினம் கண்ட கொழந்தையாட்டம் வுடவே மாட்டேங்குது! என் தோள்பட்ட இன்னா ஆவறது? கை ஓஞ்சி நான் மூச்சு வாங்கறதப் பாத்துட்டு, டிங்கு, ஒண்ணே ஒண்ணு அடிச்சாங்க. நிறுத்துன்னு. அடிச்சிட்டு சிரிச்சாங்கக்கா. வாய் ஒருபக்கமாதான் போவுது. ஆனா சிரிப்பு."

டெய்லர் கூடையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்து அவள் மடியில் போட்டாள். "துன்னுடி, விஞ்ச் டிரைவர்" என்றாள்.

புதன்கிழமை, வியாழக்கிழமையெல்லாம் நல்ல செய்திதான். அந்தம்மா டீ குடிக்கும்போது போதும் என்பதற்கு ஒன்று அடிக்கிறார். படுக்க வேண்டுமென்றால் இரண்டு. நோ என்று கத்துவது குறைந்திருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை வந்தே தீரும் அல்லவா. மகன் வெள்ளிக்கிழமை போனில், அடுத்த ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், பாத்திரமெல்லாம் கட்டி வை என்று சொல்லியிருந்தான். இவள் கட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மகளே எங்கள் கடைக்கு வந்து சொன்னதுதான். ஏஜென்சிப் பெண் வந்தாளாம். சின்ன வயது, நல்ல பயிற்சி, மணி மணியான ஆங்கிலம். பெரியம்மா அவளை ஒன்றும் கோபிக்கவில்லை. அவள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பிறகு மணியில் நாலு அடித்தாராம். ஏஜென்சிப் பெண் என்ன வேண்டும், தண்ணீரா, மாத்திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். பெரியம்மா தலையை ஆட்டிவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடி நாலு அடித்தார். சமையலறையில் கஞ்சி கலக்கிக்கொண்டிருந்த சுவர்க்காரி கரண்டியோடு ஓடி வந்து முன்னால் நின்றாள். பெரியம்மா மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அந்தப் பெண்ணே, 'மேடம், உங்கள் அம்மா வேறு ஆளைக் கூப்பிடுகிறார்' என்று சொல்லிவிட்டாள்" என்றார் மகள். "ஆறு மாசமாக என் அம்மா என்னை வேண்டாம், போ என்று மட்டும்தான் சொன்னார். நேற்று நான் வெளியே கிளம்பும்போது நாலு அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் தன் கைக்குட்டையைத் தேடினார். நான் மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

அவர் வந்த வேலை வேறு. ராத்திரியில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியும்படி, அந்த நாலையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர வேண்டும். ஒன்று, ஸ்டாப். இரண்டு, டவுன். மூன்று, அப். நாலாவதுக்கு வந்ததும் நான் மேன் என்று அடித்தேன்.

"மேன் எதற்கு? அம்மா கூப்பிடுவது பெண்களைத்தானே?"

அவ்வளவு நாளாகப் படித்ததற்கு ஒரு வேலை வந்தது. "மேடம், ரொம்பப் பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆம்பளை என்று மட்டும் அர்த்தம் இல்லை. ஆணோ பெண்ணோ, ஒரு மனுஷப் பிறவி. அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாலு தட்டினால் ஆள் என்று அர்த்தம். ஆள் என்றால் யாரென்று கேட்கமாட்டோம், ஓடுவோம்."

அவர் கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சொல்லை விரலால் தொட்டார். "அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு, மற்ற மூன்றுக்கும் கதை இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி! ஸ்டாப்பின் நார்க்கதையைச் சொன்னேன். டவுனுக்குள் ஒரு குன்று ஒளிந்திருக்கிறது, குன்றிலிருந்து இறங்கி என்பதுதான் தேய்ந்து தேய்ந்து டவுன் ஆனது என்றேன். அப்புக்கு மட்டும் பெரிய கதை இல்லை, அது பிறந்ததிலிருந்து அப்தான். அவர் சிரித்தார். அதற்குள் அட்டை காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவர்க்காரி தன் வாசலில் நின்று மகனோடு போனில் பேசியது எனக்கும் கேட்டது. ஒரே கூரை, காதை மூடவா முடியும்?

"வண்டி எடுத்துகினு வாப்பா, வாணாங்கல. கொழந்தையும் உன் பொண்டாட்டியும் ஏத்திகினு வா. பாத்திரம் ஏத்த இல்ல... ஆமா, வேல கெடச்சிட்ச்சி... எனக்கு யாரு இருக்காங்களா? இங்க சுவத்துக்கு அந்தாண்ட ஒருத்தி கீறா, அவ வாயிக்கே எனக்கு ஒரு ஆளு வேல கீது... இல்லடா, கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வர்றேன். பேத்திக்கு இன்னா துன்ன வோணும்னு கேட்டு வெய்யி."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலிருந்து மகன் ஏதோ பேசினான். இவள் உம், உம் என்றாள். பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவனும் சிரித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அவள் எனக்கு முன்னாலேயே டிக்கெட் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தாள். சீசன் டிக்கெட் கேட்டிருக்கிறாள். ஒரு மாசமா, மூன்று மாசமா என்று உள்ளேயிருந்தவர் கேட்டார். நான் இத்தனை வருஷமாக மாசா மாசம்தான் எடுக்கிறேன். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்ற பழக்கம்.

"மூணு மாசம்" என்றாள் அவள், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ரயில் வந்ததும் என்னை விட்டுவிட்டு முண்டியடித்து ஏறினாள். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, ஜன்னலோரம் ஒரு இடத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து மறித்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருது, ஆள் வருது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.